டொக்யூமென்ட்ஸை டி டிரைவுக்கு மாற்றுதல்

விண்டோஸைத் திரும்பப் போடும்போது சி டிரைவ்தான் அழியும். கோணேசர் கோயில் தேர்ப் படங்களும் பிள்ளையின் ஏ எல் நோட்ஸும் அதற்குள் கிடந்தால் அவையும் போய்விடும். அதனால் அவற்றை டி டிரைவுக்கு மாற்றிவிடுவோம். டி டிரைவ் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான டிஸ்க் வடிவம்) வடிவில் இருக்கட்டும்.

ஒன்டிரைவ் (மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பு) பேக்கப் ஓடினால் முதலில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அதுவும் இந்த இடமாற்றமும் மோதும். பிறகு டி-யில் ‘தரவு’ என்றொரு ஃபோல்டர், அதற்குள் ‘டொக்யூமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ என்று தனித்தனியாக.

பழைய டொக்யூமென்ட்ஸில் ரைட் கிளிக், புரொப்பர்ட்டீஸ், லொக்கேஷன், மூவ். புதிய ஃபோல்டரைத் தெரிவு செய்து அப்ளை கொடுங்கள். ஃபைல்களையும் நகர்த்தவா என்று கேட்கும், யெஸ். பிக்சர்ஸுக்கும் அப்படியே.

பலர் சறுக்குவது இங்கேதான்: உள் ஃபோல்டரை விட்டுவிட்டு டி டிரைவையே தெரிவு செய்துவிடுவார்கள். முழு டிரைவும் டொக்யூமென்ட்ஸ் ஆகிவிடும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. இரண்டுக்கும் ஒரே ஃபோல்டரைக் கொடுத்தாலும் இதே கதிதான். புரோகிராம்கள் தங்கள் செட்டிங்ஸை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரைத் தொடவே வேண்டாம்.

நகரும் நடுவே கரண்ட் போனால் பாதி அங்கே, பாதி இங்கே. லப்டொப் என்றால் சார்ஜ் நிரம்பியபின் தொடங்குங்கள்.

சி இருக்கும் அதே டிஸ்கில் உள்ள டி-யைப் பேக்கப் என்று சொல்ல முடியாது; டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இனி ‘தரவு’ ஒன்றை மட்டும் வாரமொருமுறை வெளி ஹார்ட் டிஸ்குக்குக் கொப்பி பண்ணிக் கழற்றி வையுங்கள். கடற்காற்றுப் படும் ஜன்னலோரத்தில் மட்டும் வேண்டாம்.