மாஸ்டர் பிளான் மாறும்போது: உங்கள் மனையின் நிறத்தை முதலில் பாருங்கள்

பத்திரம் சுத்தம். பட்டா அவர் பேரில். வில்லங்கச் சான்றில் ஒரு வரிகூட இல்லை. இவ்வளவு இருந்தும் என் சித்தப்பா வாங்கிய மனையில் வீடு கட்ட அனுமதி கிடைக்கவில்லை. திட்ட வரைபடத்தில் அந்த இடம் "திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு மண்டலம்". பச்சை நிறம்.

இடம் யாருடையது என்பதைப் பத்திரமும் பட்டாவும் சொல்லும். அதில் என்ன செய்யலாம் என்பதை முழுமைத் திட்டம், அதாவது நம் வாயில் புழங்கும் மாஸ்டர் பிளான், சொல்லும். அடுத்த இருபது ஆண்டுக்கு எங்கே வீடு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை, எந்தத் தெரு அகலமாகும் என்று ஊரையே பிரித்து வைக்கும் ஆவணம் அது. அது மாறும் காலம் வரும்போது நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை, சித்தப்பாவுக்காக அலைந்ததில் தெரிந்துகொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை.

படி 1: உங்கள் ஊருக்குத் திட்டம் போடுவது யார்?

நகராட்சி என்றுதான் பலரும் நினைக்கிறோம். நானும் முதலில் வார்டு கவுன்சிலர் வீட்டுக்குத்தான் போனேன். "அது நம்ம கையில இல்ல தம்பி" என்றார். அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்படி இதற்கென்று தனிக் குழுமங்கள் இருக்கின்றன. சென்னையையும் அதன் புறநகரையும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் பார்த்துக்கொள்கிறது. பொதுவாக மற்ற நகரங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் கீழ் உள்ளூர் திட்டக் குழுமம் இருக்கும்.

ஒரே திட்டத்துக்குள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, சுற்றியுள்ள கிராம ஊராட்சி எல்லாம் அடங்கும். அதனால் "நாங்க பஞ்சாயத்துல இருக்கோம், எங்களுக்கு இதெல்லாம் கிடையாது" என்று இருந்துவிடாதீர்கள். சென்னைப் பெருநகரப் பகுதி பல காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022-இல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசு அறிவித்தது. வயல் நடுவே தூங்கப் போனவர்கள் பெருநகரத்துக்குள் கண்விழித்தார்கள்.

படி 2: இப்போது உங்கள் இடம் என்ன நிறம்?

புதிய திட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நடப்பில் இருக்கும் திட்டத்தில் உங்கள் இடம் எதில் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இதற்குக் கதவு எண்ணோ மனை எண்ணோ உதவாது. புல எண்தான் வேண்டும். சர்வே நம்பர் என்று சொல்கிறோமே, அதுதான். பட்டாவில் இருக்கும். கூடவே வருவாய்க் கிராமத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். தபால் முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயர் வேறாக இருக்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் வரும். திட்டத்தில் 142/3 என்று இருக்கும், உங்கள் பட்டாவில் 142/3பி2 என்று இருக்கும். நடுவில் உட்பிரிவு ஆகியிருக்கும், அவ்வளவுதான். எந்த எண்ணிலிருந்து எந்த எண் பிரிந்தது என்பதைத் தாய்ப்பத்திரத்தையும் புலப்பட வரைபடத்தையும் (புல எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் படம்) வைத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லா மேசையிலும் இதைத்தான் கேட்பார்கள்.

சென்னைக் குழுமத்தின் இணையதளத்தில் கிராமத்தையும் புல எண்ணையும் கொடுத்து நிலப் பயன்பாட்டைப் பார்க்கலாம். மற்ற ஊர்களில் குழும அலுவலகத்துக்கே போய் வரைபடத்தைக் கேட்பது நல்லது. வழக்கமாக மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழில், சிவப்பு பள்ளி, மருத்துவமனை போன்ற பொதுநிறுவனங்கள், பச்சை வகைகள் விவசாயமும் திறந்தவெளியும். ஆனால் வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் நிற விளக்கத்தைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டு பச்சைகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தில்தான் சித்தப்பாவின் பணம் மாட்டிக்கொண்டது.

படி 3: புதுப்பிக்கும் வேலை எப்படித் தொடங்குகிறது?

சட்டத்தின் 32-ஆம் பிரிவுப்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திட்டத்தை மறுஆய்வு செய்யலாம். அரசு உத்தரவிட்டால் செய்தே ஆக வேண்டும். ஏட்டில் அப்படி. நடப்பில்? சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1976-இல் ஒப்புதல் பெற்றது. இரண்டாவது 2008-இல். நடுவே 1995-இல் ஒரு வரைவு வந்து ஒப்புதல் வரை போகாமலே நின்றது. கோயம்புத்தூருக்கு 1994-க்குப் பிறகு, 2041-ஐ இலக்காக வைத்த புதிய வரைவு வெளிவந்தது 2024-இல். ஒரு வரைவைத் தவற விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று இதிலிருந்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் மக்கள்தொகைக் கணிப்பு. சென்னையின் இரண்டாவது திட்டம் 2001 கணக்கெடுப்பின் 70 லட்சத்தை அடிப்படையாக வைத்து, 2026-இல் ஏறக்குறைய 126 லட்சம் பேர் இருப்பார்கள் என்று மதிப்பிட்டது. இத்தனை பேருக்கு இத்தனை வீடு, இத்தனை தண்ணீர், இத்தனை சாலை என்று மீதி எல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் கிளம்பும். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இப்போது திட்டம் போடுகிறவர்கள் 2011 எண்ணை வைத்துக்கொண்டு முன்னோக்கிக் கணிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது, இன்றைக்குத் தரையில் என்ன இருக்கிறது என்ற வரைபடம். செயற்கைக்கோள் படத்தை எடுத்து, ஆட்கள் போய்ச் சரிபார்த்து, புல எல்லைகளை அதன்மேல் பொருத்துகிறார்கள். என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் தவறு நுழைய அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான். கோடையில் எடுத்த படத்தில் வறண்ட ஏரி காலி மைதானம் மாதிரி தெரியும். மழைக்காலப் படத்தில் தாழ்வான பட்டா நிலம் குளம் மாதிரி தெரியும். வாய்க்கால் புதர் மூடிக் கிடந்தால் வாய்க்காலே இருக்காது. புல எல்லைக்கோடு கொஞ்சம் நகர்ந்தாலும் பக்கத்து மனையின் நிறம் உங்கள் மனையில் விழும்.

ஏரி என்றதும் இன்னொன்று. நான் பார்த்தவரை வரைவுக்கு ஆட்சேபம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "என் இடத்தைக் குடியிருப்பாக்குங்கள்" என்றுதான் எழுதுகிறார்கள். "இது எங்கள் ஊர்த் தாங்கல், இதை மஞ்சளாக்காதீர்கள்" என்று எழுதுகிறவர் குறைவு. 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஊர்க்காரர்களாவது அதையும் எழுதலாம். உங்கள் தெருத் தண்ணீர் எந்த வழியாக எந்த ஏரிக்குப் போகிறது என்பது படத்தை மட்டும் பார்த்து வரைகிறவருக்குத் தெரியாது. ஊரில் அறுபது வயதானவருக்குத் தெரியும்.

வேலை நடந்துகொண்டிருக்கும் இந்தக் கட்டத்தில் சில நேரம் கருத்துக்கேட்புக் கூட்டமோ இணையவழிக் கருத்துக்கேட்போ வைப்பார்கள். போய் வாருங்கள், பேசுங்கள். ஆனால் அங்கே பேசியதால் எதுவும் பதிவாகிவிட்டது என்று நம்பி இருந்துவிட வேண்டாம்.

படி 4: வரைவு வெளிவரும் அந்த இரண்டு மாதம்

குழுமம் வரைவைத் தயாரித்து அரசுக்கு அனுப்பும். வெளியிடலாம் என்று அரசு இசைவு தந்த பிறகு, 26-ஆம் பிரிவின் கீழ் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரும். ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் எழுத்தில் தர வேண்டும். அதற்கான கால அவகாசம் இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது. இந்த நாட்கணக்கு அரசிதழில் வந்த தேதியிலிருந்து ஓடும். நீங்கள் பேப்பரில் பார்த்த தேதியிலிருந்து அல்ல.

சித்தப்பாவின் விஷயத்தில் அந்த அறிவிப்பு வந்த பேப்பரை வீட்டில் அலமாரித் தட்டில் விரித்திருந்தார்கள். பல மாதம் கழித்துத் தட்டைத் துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில்.

வரைவில் வரைபடம், வளர்ச்சி விதிகள், விளக்க அறிக்கை என்று மூன்று பகுதி இருக்கும். அறிக்கை பல நூறு பக்கம் போகும். அதைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம். முதலில் வரைபடத்தில் மூன்றைப் பாருங்கள். ஒன்று, உங்கள் புல எண்ணின் நிறம். இரண்டு, அதன் குறுக்கே ஏதாவது சாலைக்கோடு போகிறதா, அல்லது முன்னால் இருக்கும் தெருவை அகலப்படுத்துகிறார்களா. மூன்று, நிறத்துக்கு மேலே கோடுபோட்டுக் காட்டியிருக்கும் தனிக் கட்டுப்பாட்டுப் பகுதி. சென்னையில் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு இப்படித் தனி விதிகள் உண்டு. நிறம் மஞ்சளாகவே இருந்தாலும் இந்த மேல்கோடு உங்கள் கையைக் கட்டும்.

படி 5: ஆட்சேபக் கடிதம் எழுதுவது

அழுது எழுதாதீர்கள். "ஏழை எளிய மக்களின் வாழ்வாதாரம்" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினால், படிக்கிற அதிகாரிக்கு எந்த இடம் என்று இரண்டாம் பக்கக் கடைசியில்தான் தெரியும். இப்படி இருந்தால் போதும் (இதில் வரும் 'அ' பதிவேடு, வருவாய்த்துறை கிராம வாரியாக வைத்திருக்கும் நிலப் பதிவேடு):

"பொருள்: வரைவு முழுமைத் திட்டத்தில் புல எண் 142/3-இன் நிலப் பயன்பாடு குறித்த ஆட்சேபம். மேற்படி புல எண் வரைவு வரைபடத்தில் திறந்தவெளி மண்டலமாகக் காட்டப்பட்டுள்ளது. இந்த இடம் தனியார் பட்டா நிலம். 'அ' பதிவேட்டில் புஞ்சை என உள்ளது. வடக்கிலும் மேற்கிலும் ஒட்டியுள்ள புல எண்கள் குடியிருப்பு மண்டலமாகக் காட்டப்பட்டுள்ளன. அவற்றில் வீடுகள் உள்ளன. எனவே இப்புல எண்ணையும் குடியிருப்பு மண்டலமாகத் திருத்தக் கோருகிறேன். இது குறித்து என்னை நேரில் விசாரிக்க வாய்ப்பளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நேரில் கேட்கும்படி கோரியவர்களுக்குத்தான் சட்டம் அந்த வாய்ப்பைக் கொடுக்கச் சொல்கிறது. பட்டா, புலப்பட வரைபடம், 'அ' பதிவேட்டு நகல், நாலு பக்கமும் எடுத்த படங்கள், வரைவு வரைபடத்தில் உங்கள் இடத்தை வட்டமிட்ட நகல் ஆகியவற்றை இணையுங்கள். சாலைக்கோடு பிரச்சினை என்றால் "சாலை வேண்டாம்" என்பதைவிட "பக்கத்துப் புறம்போக்கு வழியாக நகர்த்தலாம்" என்று மாற்றுவழி காட்டினால் எடுபட வாய்ப்பு அதிகம். தெருவே சேர்ந்து கொடுப்பதானால் ஒரே ஜெராக்ஸில் ஐம்பது கையெழுத்து வாங்காமல், ஒவ்வொருவரும் தங்கள் புல எண்ணை வைத்துத் தனித்தனியாகக் கொடுங்கள்.

நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தபால் என்றால் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.

படி 6: கொடுத்த பிறகு

குழுமம் விசாரித்து, தேவையான இடத்தில் வரைவைத் திருத்தி அரசுக்கு அனுப்பும். 28-ஆம் பிரிவின் கீழ் அரசு அப்படியே ஒப்புதல் தரலாம், மாற்றங்களோடும் தரலாம். அதனால் குழுமக் கூட்டத்தில் "சரி, திருத்திடலாம்" என்று சொன்னதோடு நிம்மதியாகிவிட முடியாது. அரசாணையும் அரசிதழ் அறிவிப்பும் வந்ததும் இறுதி வரைபடத்தை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். உங்கள் மனு என்ன ஆனது என்று தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சாலைக்கோ பூங்காவுக்கோ என்று உங்கள் இடத்தைக் குறித்துவிட்டார்கள், ஆனால் கையகப்படுத்தவே இல்லை என்றால் 38-ஆம் பிரிவைத் தெரிந்து வைத்திருங்கள். படி 4-இல் சொன்ன வரைவு அறிவிப்பு அரசிதழில் வந்து மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் அறிவிக்கையும் வராமல், பேசி வாங்கிக்கொள்ளவும் செய்யாவிட்டால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கருதப்படும். தானாக யாரும் வந்து விடுவித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டார்கள். இதற்காக நீதிமன்றப் படி ஏறியவர்கள் நிறையப் பேர். வக்கீலிடம் போகும்போது இந்தப் பிரிவின் எண்ணோடு போங்கள்.

படி 7: இரண்டு மாதத்தைத் தவற விட்டிருந்தால்

நில வகைப்பாடு மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கட்டணம் கட்டி, ஆவணங்களை வைத்து, கள ஆய்வு நடந்து, பொது அறிவிப்பில் ஆட்சேபம் கேட்டு, தொழில்நுட்பக் குழு பார்த்து, ஒப்புதல் ஆகி, அரசிதழில் வர வேண்டும். ஒரு கடிதமும் ஒரு முத்திரையுமாக முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு இவ்வளவு சுற்று. நீர்நிலை, திறந்தவெளி என்று குறித்த இடங்களுக்கு மனு போட்டாலும் கிடைப்பது கஷ்டம். "அடுத்த பிளான்ல மஞ்சளாயிடும் சார், இப்பவே வாங்கிப் போடுங்க" என்று தரகர் சொன்னால், 1976-க்கும் 2008-க்கும் நடுவே எத்தனை வருடம் என்று அவரிடமே கேளுங்கள்.

சென்னைக்காரர்கள் மூன்றாவது முழுமைத் திட்டத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். அது 2026 முதல் 2046 வரைக்கானது.

சித்தப்பா இன்னும் அந்த மனையை விற்கவில்லை. சாயங்காலத்தில் தெருப் பையன்கள் அங்கே கிரிக்கெட் விளையாடுகிறார்கள். திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு மண்டலம். விதிப்படி சரியான பயன்பாடுதான்.