மவுஸின் முதுகில் மேடு பள்ளம்: வளைபரப்பு மாடலிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்ப்யூட்டர் மவுஸை ஜன்னல் பக்கம் பிடித்து, அதன் முதுகில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். நல்ல மவுஸ் என்றால் அந்த வெளிச்சக் கோடு எங்கும் முறியாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். அதே முதுகை கேட் (CAD, கணினியில் வடிவமைக்கும்) மென்பொருள்களான சாலிட்வொர்க்ஸிலோ ரைனோவிலோ ஃப்யூஷனிலோ நாம் வரைந்தால், வரையும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். ரெண்டர் (நிஜப் பொருள் போன்ற படம்) போட்ட பிறகுதான் மேடும் பள்ளமும் எட்டிப்பார்க்கும். உடனே எந்த சர்ஃபேஸ் (பரப்பு) கமாண்டை மாற்றலாம் என்று தேடுவோம். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. முதல் ஸ்கெட்சிலேயே இருக்கும்.

பழகுகிறவர்கள் மிக அதிகமாகச் செய்கிற தவறு, ஸ்ப்லைனில், அதாவது புள்ளிகளை வைத்து வரையும் வளைகோட்டில், புள்ளிகளைக் குவிப்பது. மவுஸின் பக்கவாட்டுப் படத்தைப் பின்னணியில் வைத்து, விளிம்பு நெடுக இருபது இடத்தில் க்ளிக் செய்கிறோம். புள்ளி கூடக் கூடத் துல்லியமும் கூடும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். ஒவ்வொரு க்ளிக்கிலும் கை கொஞ்சம் விலகியிருக்கும். அத்தனை புள்ளிகள் வழியாகவும் போயே ஆக வேண்டும் என்பதால், வளைவு இடையிடையே மேலும் கீழும் ஆடும். வெறும் கண்ணுக்கு இது தெரியாது. எந்த இடத்தில் எவ்வளவு வளைவு என்பதைச் சீப்புப் பற்கள் போன்ற கோடுகளின் நீளத்தால் காட்டும் கர்வேச்சர் கோம்ப் என்ற வசதியை ஆன் செய்து பாருங்கள்: வளைவின் மேல் நிற்கும் கோடுகளின் நுனிகள் சீராக ஏறி இறங்காமல் தாறுமாறாகக் குதித்தால், அந்த ஆட்டம் அப்படியே சர்ஃபேஸுக்கும் போகும்.

புள்ளிகள் வழியாகப் போகும் ஸ்ப்லைனுக்குப் பதில் கன்ட்ரோல் பாயின்ட் ஸ்ப்லைனுக்கு மாறுவது நல்லது. இதில் முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் மட்டுமே வளைவு தொடும். நடுவில் இருப்பவை, சிக்குக் கோலத்தின் புள்ளிகளைப் போல, கோடு எப்படி வளைய வேண்டும் என்று சொல்லுமே தவிர கோட்டின் மேல் உட்காராது. இந்தக் கணக்கே கார் உடல்களுக்காகப் பிறந்ததுதான். 1959-ல் சிட்ரோயன் நிறுவனத்தில் போல் த காஸ்தெல்ஜோ இதில் இறங்கினார். 1960-களில் ரெனோவில் பியேர் பெசியே தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். பெசியே வளைவு என்று பின்னவர் பெயர்தான் நிலைத்துவிட்டது. மூன்றாம் டிகிரி (சமன்பாட்டின் உயர்ந்த அடுக்கு மூன்று) வளைவுக்கு நான்கு கன்ட்ரோல் பாயின்ட் போதும், ஐந்தாம் டிகிரிக்கு ஆறு. மவுஸின் முதுகுக் கோட்டுக்கு அந்த ஆறே தாராளம். அதற்குள் வடிவம் அடங்கவில்லை என்றால், புள்ளியைக் கூட்டுவதற்கு முன் அது உண்மையில் ஒரே வளைவுதானா, இரண்டா என்று யோசியுங்கள்.

போட்டோவையும் முழுக்க நம்பக்கூடாது. கிட்டத்தில் வைத்து மொபைலில் எடுத்த படத்தில் முன்பக்கம் பெரிதாகவும் பின்பக்கம் சிறிதாகவும் இருக்கும். தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள்.

அடுத்தது, பரப்பைத் துண்டு துண்டாகக் கட்டுவது. மவுஸின் வெளிக்கோட்டை வரைந்து, அந்த எல்லைக்குள் அளவெடுத்தாற்போல் பேட்ச் (ஒட்டுப் பரப்பு) போட்டு அடைப்பார்கள். மூலையில் முக்கோண இடைவெளி வந்தால் அங்கே ஒரு மூன்று பக்க பேட்ச். கேட் மென்பொருள்கள் பயன்படுத்தும், கன்ட்ரோல் பாயின்ட்களால் வடிவம் பெறும் நர்ப்ஸ் சர்ஃபேஸ் அடிப்படையில் நான்கு பக்கம் கொண்டது. மூன்று பக்கம் என்றால் நான்காவது பக்கம் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிட்டது என்று பொருள். அந்த முனையில் சுருக்கம் விழும், பிறகு ஆஃப்செட்டும் (பரப்பைச் சீரான தூரத்தில் நகல் எடுப்பது) தகராறு செய்யும். முதுகை மவுஸை விடப் பெரிதாக, நான்கு பக்கச் சர்ஃபேஸாக நீட்டிப் போட்டுவிட்டு, அப்புறம் வெளிக்கோட்டால் ட்ரிம் செய்வதே (மிச்சத்தை வெட்டிவிடுவதே) முறை. லாஃப்ட் (குறுக்குவெட்டுகளை இணைத்து உருவாக்கும் பரப்பு) போடும்போது ஒவ்வொரு குறுக்குவெட்டையும் தனித்தனியாக வரையாமல், முதல் வளைவையே காப்பி செய்து புள்ளிகளை மட்டும் நகர்த்துங்கள். எல்லா வளைவிலும் புள்ளி எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் சர்ஃபேஸ் முறுக்கிக்கொள்ளாது.

இரண்டு பரப்புகள் சேரும் இடத்தில் டேன்ஜன்ட் கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். டேன்ஜன்ட், அதாவது ஜி1, திசையை மட்டும்தான் சேர்க்கும். தட்டையான பரப்பில் 5 மி.மீ. ஆரமுள்ள வில் வந்து சேர்ந்தால், திசை ஒன்றுதான். ஆனால் வளைவின் அளவு பூஜ்யத்திலிருந்து ஒரேயடியாகத் தாவுகிறது. பளபளப்பான பிளாஸ்டிக்கில் அந்தத் தாவல் கோடாகத் தெரியும். வளைவின் அளவையும் சேர்ப்பது ஜி2. பரப்பில் வரிக்குதிரைப் பட்டைகள் பிரதிபலிப்பதுபோல் காட்டும் ஜீப்ரா ஸ்ட்ரைப்ஸ் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும்: பட்டைகள் விலகி நின்றால் ஓரங்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான், பட்டைகள் சேர்ந்தும் மூலை ஒடிந்தால் ஜி1, வளைந்து வழுக்கினால் ஜி2. எல்லா இடத்திலும் ஜி2 தேவையில்லை. மவுஸின் அடிப்பக்கத்தை யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் போவதில்லை.

பாதி மவுஸை வரைந்து மிரர் செய்கிறவர்கள், வளைவு நடுத்தளத்தைச் செங்குத்தாகச் சந்திக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் முதுகு நடுவில் முதலையைப் போல வரப்பு எழும்பிவிடும். சமச்சீர் வடிவமாக இருந்தாலும் முதுகின் முதன்மைப் பரப்பை மட்டும் நடுத்தளத்தின் குறுக்கே முழுசாகவே போட்டுவிடுவதுதான் என் விருப்பம்.

ஃபில்லெட்டைக் (விளிம்பை உருட்டுவதை) கடைசிக்கு ஒத்திவையுங்கள், ஆனால் தடிமனை இப்போதே நினைவில் வையுங்கள். சுவர் 2 மி.மீ. என்றால், வெளிப்பக்கம் புடைத்திருக்கும் இடங்களில் ஆரம் 2 மி.மீ.-க்குக் கீழே போனால் உள்ளே குடைந்து சுவரை மட்டும் விடும் ஷெல் கமாண்ட் அங்கே திணறும், உள்பரப்பு தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் என்பதால். சாலிட்வொர்க்ஸில் செக் என்ற கருவி குறைந்தபட்ச ஆரம் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடும். அச்சில் வார்க்கப்போகும் பொருள் என்றால் டிராஃப்ட் அனாலிசிஸையும் (அச்சிலிருந்து கழன்று வரும் சாய்வு இருக்கிறதா என்ற சோதனை) இந்தக் கட்டத்திலேயே ஓட்டுங்கள்; இல்லையென்றால் பக்கச் சுவர் உள்நோக்கி வளைந்திருப்பது தெரியாமலே மோல்ட் செய்பவரிடம் ஃபைல் போய்விடும்.

இத்தனை வேலை எதற்கு, எஸ்டிஎல் ஃபைலை (வடிவத்தை முக்கோண வலையாக, அதாவது மெஷ்ஷாக, வைத்திருக்கும் ஃபைல்) இறக்கி சாலிடாக மாற்றினால் போயிற்று என்று சிலர் நினைக்கலாம். மாற்றினால் கிடைப்பது ஆயிரக்கணக்கான முக்கோண முகங்கள்தான். ஒரு வளைவைக்கூட அதில் பிடித்து இழுக்க முடியாது. அந்த மெஷ்ஷை அளவுக்காகப் பின்னணியில் வைத்துக்கொண்டு, மேலே நாலைந்து பெரிய பரப்புகளைப் புதிதாகப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும்.