உச்சிவெயிலில் பேய்க்கதை: எழுதவும் விற்கவும்

வேலூர்ப் பக்கத்திலிருந்து பேய்க்கதை எழுத உட்காருகிறவர்களில் பலர் முதல் வரியிலேயே பனிமூட்டத்தையும் பாழடைந்த பங்களாவையும் கொண்டுவந்துவிடுகிறார்கள். நம் வாசகர் நடந்த இடம் அதுவல்ல. அவருக்குத் தெரிந்த பயம் சித்திரை மாதத்து உச்சிவேளை: தெருவில் ஈ காக்கை இல்லை, "இந்த நேரத்துல புளியமரத்தாண்ட போவாதே" என்று பாட்டி அதட்டியது மட்டும் காதில் நிற்கிறது. அல்லது வறண்ட பாலாறு, மணலைத் தோண்டினால் கீழே ஊறும் தண்ணீர். அங்கிருந்து தொடங்குங்கள்.

2,000 சொல் சிறுகதைக்கு ஒரே ஒரு பயம் போதும். குடியாத்தத்தில் தனியாக வீட்டில் பீடி சுற்றும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,000 பீடி, கட்டுக்கு 25, ஆக 40 கட்டு. முதல் 150 சொல்லுக்குள் இந்தக் கணக்கு வாசகர் மனத்தில் ஏறிவிட வேண்டும். இலையை நனைப்பது, கத்தரிப்பது, தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டுவது என்று வேலையைக் காட்டும்போதே எண்ணிக்கையும் உள்ளே போகட்டும். செவ்வாய்க்கிழமை காலை முறத்தில் 41 கட்டு. தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைக்கிறாள். புதன்கிழமை மறுபடியும் 41. ஒரு கட்டில் மட்டும் நூல் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது.

செத்துப்போன மாமியார் இடது கைக்காரர் என்பதை இங்கே சொல்லாதீர்கள். இடது கையால் சோறு போட்டு அவர் ஏச்சு வாங்கியதை, முதல் பக்கத்திலேயே வேறு பேச்சின் நடுவில் ஒரு வரியாக வைத்துவிடுங்கள். இரண்டையும் வாசகர் தானே சேர்க்கும்போதுதான் முதுகு சில்லிடும். மூன்றாம் நாள் 42 என்று எழுதினால் அவர் எதிர்பார்த்ததே வரும். 39 ஆக்குங்கள். கொடுத்தது எடுக்கவும் செய்கிறது என்று தெரிந்தபின் கதை தானே ஓடும்.

எழுதுவதற்கு முன்பே தனித்தாளில் மூன்று குறிப்பு: பேய்க்கு என்ன வேண்டும், எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது. இந்தப் பேய்க்கு பீடியைத் தவிர எதையும் தொட முடியாது. விளக்கு எரிந்தால் வராது. எல்லாம் செய்யக்கூடிய பேயிடம் பாத்திரத்துக்குத் தப்ப வழியே இல்லை, அதனால் வாசகருக்குப் பதற்றமும் இல்லை. முதல் பிரதியில் "வீல் என்று அலறினாள்", "இனம்புரியாத பயம்" வரும் இடங்களை அடித்துவிட்டு, அவள் கை என்ன செய்தது என்று எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் பேயின் பூர்வகதையை விளக்குவதுதான் அதிகம் கதைகளைக் கொல்கிறது.

ஒரு வேண்டுகோள். பாலாற்றங்கரையில் நடக்கும் மயானக் கொள்ளை, வழிபடுகிறவர்களுக்கு அங்காளம்மன் திருவிழா. அதை வெறும் திகில் காட்சியாக்கினால் ஊர்க்காரர் மனம் புண்படும், கதையும் பொய்யாகிவிடும்.

விற்பனைக்கு வருவோம். பத்திரிகைக்கு அனுப்பினால் யூனிகோடில், ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்கு. அமேசான் கிண்டிலில் கேடிபி செலக்ட் (அங்கே மட்டும் விற்பதாக ஒப்புக்கொள்ளும் திட்டம்) எடுத்தால் 90 நாளுக்கு அந்த மின்பிரதி வேறெங்கும் இருக்கக்கூடாது. பிரதிலிபி இணையதளத்தில் போட்ட தொடரை முதலில் நீக்குங்கள். செலக்ட் எடுக்காவிட்டால் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி கிடைக்காது. அச்சுக்குப் போனால் பக்க எண்ணிக்கையை 16-இன் மடங்காக வையுங்கள், ஃபாரம் (ஒன்றாக அச்சாகும் 16 பக்கம்) வீணாகாது.

ஒப்பந்தத்தை அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக்கொடுத்த தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று எடுத்துக்கொள்வார்கள். அச்சு, மின்நூல், ஒலிநூல், திரைப்பட உரிமை நான்கையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். "அனைத்து உரிமைகளும்" என்று ஒரே வரியில் இருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். பேய்க்கதையைப் படமாக்கக் கேட்டு ஆள் வரும்போது திரைப்பட உரிமை உங்கள் கையில் இருக்க வேண்டும்.