எடிட்டரில் பார்த்த சிவப்பு இணையத்திலும் அதே சிவப்பாக இருக்க

மழை விட்ட ஒரு காலையில் என் மகள் சிவப்புக் குடையோடு நின்றாள். அந்தப் படத்தை மூன்று மணி நேரம் உட்கார்ந்து திருத்தினேன். எடிட்டரில் குடை பளிச்சென்று, ஈரம் சொட்டச் சொட்ட இருந்தது. இணையத்தில் ஏற்றியதும் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. முகத்திலும் உயிர் இல்லை. நான் செய்தது தவறான வைத்தியம். வண்ணச் செறிவை இன்னும் ஏற்றி, மறுபடி அப்லோட் செய்தேன். இணையத்தில் ஓரளவு சரியாகத் தெரிந்தது. அதே கோப்பை எடிட்டரில் திறந்தால் குடையின் சிவப்பில் கண் கூசியது. படத்தில் ஒரு கோளாறும் இல்லை, படத்தோடு போக வேண்டிய ஒரு தகவல்தான் வழியில் தொலைந்தது என்று அப்புறம்தான் புரிந்தது.

படத்தின் ஒவ்வொரு புள்ளியும் மூன்று எண்கள்தான்: சிவப்பு, பச்சை, நீலம், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஆனால் '255 சிவப்பு' என்றால் எவ்வளவு சிவப்பு? நாலு முழம் என்றால் யார் கை முழம் என்று கேட்க வேண்டும் இல்லையா, அதே கதைதான். அந்தக் கை எது என்று சொல்வதுதான் வண்ணவெளி. இணையத்துக்கென்று பொதுவாக இருப்பது எஸ்ஆர்ஜிபி. 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து முன்வைத்தது. 1998-இல் வந்த அடோபி ஆர்ஜிபி அதைவிட அகலம், முக்கியமாகப் பச்சைப் பக்கம். ப்ரோஃபோட்டோ ஆர்ஜிபி இன்னும் அகலம். எந்த வெளியில் எண்களைப் படிக்க வேண்டும் என்று கோப்போடு ஒட்டி அனுப்பும் சீட்டுதான் ஐசிசி ப்ரொஃபைல்.

இதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. ஃபோட்டோஷாப்பில் எஸ்ஆர்ஜிபி வெளியில் புதிய கோப்பு ஒன்றைத் திறந்து 255, 0, 0 சிவப்பால் நிரப்புங்கள். எடிட் மெனுவில் 'கன்வெர்ட் டு ப்ரொஃபைல்' போய் அடோபி ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுங்கள். திரையில் ஒன்றும் மாறாது. ஆனால் இன்ஃபோ பலகையில் கர்சரை வைத்துப் பார்த்தால் எண் 219, 0, 0 ஆகியிருக்கும். நிறம் அதே, எண் மட்டும் வேறு. இப்போது அதே மெனுவில் 'அசைன் ப்ரொஃபைல்' போய் எஸ்ஆர்ஜிபி கொடுங்கள். எண் அப்படியே 219-இல் நிற்கும், சிவப்பு கண் முன்னாலேயே மங்கும். என் குடைக்கு நடந்தது இதுதான். அடோபி ஆர்ஜிபியில் இருந்த படத்தை நான் ஏற்றிய தளம் சிறிதாக்கும்போது ப்ரொஃபைலைக் கழற்றி எறிந்துவிட்டது. சீட்டில்லாமல் வரும் படத்தை இணையத்தில் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்வது வழக்கம். ப்ரோஃபோட்டோவில் இருக்கும் படத்துக்கு இது நேர்ந்தால் இன்னும் மோசம், தோல் நிறமே சாம்பல் பூத்ததுபோல ஆகிவிடும்.

ஆக, செய்ய வேண்டியது: இணையத்துக்குப் போகும் பிரதியை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். மாற்றுவது என்றால் கன்வெர்ட், அசைன் இல்லை. கன்வெர்ட் நிறத்தைக் காப்பாற்ற எண்ணை மாற்றும். அசைன் எண்ணை வைத்துக்கொண்டு நிறத்தைக் கைவிடும். சீட்டே இல்லாமல் வந்த படத்துக்கு, அது எந்த வெளியில் எடுத்தது என்று தெரிந்திருந்தால் மட்டும் அசைனைத் தொடுங்கள்.

ஃபோட்டோஷாப்பின் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' பெட்டியில் 'கன்வெர்ட் டு எஸ்ஆர்ஜிபி', 'எம்பெட் கலர் ப்ரொஃபைல்' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டையும் டிக் செய்யுங்கள். லைட்ரூமில் எக்ஸ்போர்ட் பெட்டியின் 'கலர் ஸ்பேஸ்' இடத்தில் எஸ்ஆர்ஜிபி. கிம்ப்பில் இமேஜ் மெனுவுக்குள் 'கலர் மேனேஜ்மென்ட்', அதற்குள் கன்வெர்ட். கேமராவில் இருக்கும் வண்ணவெளி அமைப்பு ஜேபெக் கோப்புக்குத்தான்; ரா (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) எடுப்பவர்கள் அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

எஸ்ஆர்ஜிபிதானே, சீட்டு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். வழக்கமான எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல் சுமார் 3 கேபிதான். எஸ்ஆர்ஜிபியைவிட அதிக நிறங்களைக் காட்டும் திரையில், சீட்டில்லாத படத்தின் எண்களை அப்படியே திரைக்குத் தள்ளும் மென்பொருள்கள் உண்டு. அங்கே முகம் தக்காளியாகச் சிவக்கும். சீட்டு ஒட்டியிருந்தால் இந்த வம்பு வெகுவாகக் குறையும். தளம் அதைக் கழற்றினாலும் எண்கள் ஏற்கனவே எஸ்ஆர்ஜிபிக்கானவை என்பதால் பெரிய சேதம் இல்லை.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: மூலக் கோப்பை எஸ்ஆர்ஜிபிக்குச் சுருக்கிச் சேமித்துவிடாதீர்கள். அகலமான வெளியில், 16 பிட்டில் (0-255ஐவிட நுணுக்கமான படிகளில்) அது தனியாக இருக்கட்டும். ஒரு முறை சுருக்கினால் வெளியே விழுந்த நிறம் திரும்பி வராது.

அந்தச் சுருக்கத்தில் சில நிறங்கள் நிஜமாகவே இடமில்லாமல் தவிக்கும். ஆழ்ந்த பச்சை, சில பூக்களின் செம்மை எல்லாம் விளிம்பில் மோதி ஒரே அட்டையாகத் தட்டையாகிவிடும்; இதழின் நரம்பு காணாமல் போகும். லைட்ரூமின் டெவலப் பகுதியில் எஸ் விசையை அழுத்தி, ப்ரொஃபைலாக எஸ்ஆர்ஜிபியைக் கொடுத்தால் இதை முன்கூட்டியே பார்க்கலாம். ஃபோட்டோஷாப்பில் வியூ மெனுவின் 'ப்ரூஃப் செட்டப்' உதவும். அங்கே நான் அந்த ஒரு நிறத்தின் செறிவை மட்டும் கொஞ்சம் இறக்குவேன். மொத்தப் படத்தையும் மங்க வைக்க வேண்டிய அவசியம் இல்லை. கொஞ்சம் அடக்கிய சிவப்பில் நரம்பு தெரிவது, கத்துகிற சிவப்பில் தெரியாமல் போவதைவிட எனக்கு எப்போதும் பிடிக்கும்.

திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்னதையெல்லாம் செய்தும் நிறம் ஒவ்வாமல் இருந்தால், திரையின் ப்ரொஃபைல்தான் தப்பாக இருக்கும். திரையின் நிறத்தை அளக்கும் கருவி ஒன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ வெண்மையை டி65 (பகல் வெளிச்சத்தின் வெண்மை), காமாவை (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட சாயல்கள் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பதை) 2.2 என்று வைத்து அளவிடுங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள், 120 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) போதும். நான் பல வருடம் முழு வெளிச்சத்தில் திருத்தினேன், என் படங்கள் மற்ற திரைகளில் எல்லாம் இருட்டாகத் தெரிந்தன. இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை, திருத்தும் நேரத்திலாவது நிறுத்திவிடுங்கள்.

ஏற்றிய பிறகு ஒரு சோதனை: தளத்திலிருந்து அந்தப் படத்தை இறக்கி, எடிட்டரில் உங்கள் பிரதிக்குப் பக்கத்தில் வையுங்கள். குடையின் ஒரே இடத்தில் இரண்டிலும் எண்களைப் பாருங்கள். ஜேபெக் சுருக்கத்தால் ஒன்றிரண்டு எண் நகர்ந்திருக்கலாம்; பத்து இருபது நகர்ந்திருந்தால் தளம் ஏதோ செய்கிறது. எண்கள் ஒத்துப்போய், பிரவுசரில் மட்டும் வேறாகத் தெரிந்தால் உங்கள் பிரவுசரையும் திரையையும் பாருங்கள். கோப்பைத் தொடாதீர்கள், செறிவை ஏற்றாதீர்கள்.