மெல்லிய கணினிகளுக்குப் பொதுக் கோப்பும் பயனர் கோப்பும்

கொள்ளுப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ சிறு அலுவலகம் ஒன்றில் வைஸ் தின்ஓஎஸ் என்ற இயங்குதளத்தின் 8ஆம் அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் இயங்கும் மெல்லிய கணினிகளை, அதாவது பெரும்பாலான வேலையைச் சேவையகத்திடம் விட்டுவிடும் எளிய கணினிகளை, பராமரிப்பவர்கள், ஒவ்வோர் இருக்கைக்கும் சென்று அமைப்புகளை மாற்ற வேண்டியதில்லை. கணினி தொடங்கும்போது கோப்புச் சேவையகத்திலிருந்து 'டபிள்யூஎன்ஓஎஸ்' என்ற பொதுக் கோப்பை வாசிக்கும். பயனர் தம் பெயரைக் கொடுத்து உள்நுழைந்த பின்னரே, 'ஐஎன்ஐ' கோப்புறையில் அதே பெயரிலுள்ள அவருடைய கோப்பு வாசிக்கப்படும். இரண்டிலும் ஒரே கட்டளை இருந்தால் பெரும்பாலும் பயனர் கோப்பே மேலோங்கும்.

ஆகவே, எல்லோருக்கும் உரியவற்றைப் பொதுக் கோப்பிலேயே வையுங்கள். குறிப்பாக நேர வலயத்தை மறக்க வேண்டாம்: இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது, கோடைகால நேர மாற்றமும் இங்கு இல்லை. ஒரு மாடிக்குரிய அச்சுப்பொறி, ஒருவருக்கு மட்டும் வேண்டிய இணைப்பு போன்றவை பயனர் கோப்புக்கு உரியவை.

கோப்புச் சேவையகத்தின் முகவரியை, கணினிகளுக்கு வலையமைப்பு அமைப்புகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி சேவையின் தெரிவு 161 மூலம் வழங்கலாம். திருத்துமுன் பழைய கோப்பின் பிரதியொன்றை எடுத்து, புதியதை முதலில் ஒரே கணினியில் சோதியுங்கள். 9ஆம் பதிப்பில் இந்தக் கோப்புமுறை கிடையாது.