வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலா? முதலில் காற்றின் திசையைச் சரிசெய்யுங்கள்

கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளில் ஒருவருக்கு இன்ஃபுளுவன்சாவோ கோவிட்டோ வந்தால், அறைக் கதவைச் சாத்தி ஏர்கோனைப் போட்டுவிடுகிறோம். சுவரில் மாட்டும் ஏர்கோன் வெளிக்காற்றைக் கொண்டுவராது. இருப்பதையே குளிராக்கிச் சுற்றவிடும். நோயாளி விடும் மூச்சு அறைக்குள்ளேயே சேர்ந்து, கதவைத் திறக்கும்போதெல்லாம் கூடத்துக்கு வரும்.

காற்று கூடத்திலிருந்து நோயாளியின் அறைக்குள் போய், ஜன்னல் வழியே வெளியேற வேண்டும். மேசை விசிறியை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்து, கிரில்லோடு இறுகக் கட்டுங்கள். சுற்றியுள்ள இடைவெளியை அட்டையாலும் டேப்பாலும் அடையுங்கள். இல்லாவிட்டால் வெளியே தள்ளிய காற்று பக்கவாட்டில் திரும்பிவிடும். கூடத்து ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும். சாரல் அடித்தால் விசிறியை நிறுத்தி எடுத்துவிடுங்கள்.

சரிபார்க்க ஓர் ஊதுபத்தி போதும். கூடத்தில் நின்று, சாத்திய கதவின் அடியில் பிடியுங்கள். புகை அறைக்குள் போனால் சரி. உங்கள் பக்கம் திரும்பினால், பெரும்பாலும் சமையலறை ஹூட்டோ கூடத்துக் கழிவறை விசிறியோ ஓடிக்கொண்டிருக்கும். கூடத்து ஜன்னலும் மூடியிருந்தால் அவை நோயாளி அறைக் காற்றைத்தான் இழுக்கும்.

ஜன்னல் பொது நடைபாதையையோ ஏர்வெல்லையோ (கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விடும் திறந்த குழி) பார்த்திருந்தால் இந்த முறை வேண்டவே வேண்டாம். காற்று அண்டை வீட்டுக்குள் போகும். அங்கேயும், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டும் புகைமூட்ட நாள்களிலும், நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான்தான் வழி. 3 மீட்டருக்கு 3.5 மீட்டர், உயரம் 2.7 என்றால் அறையின் கொள்ளளவு சுமார் 28 கனமீட்டர். மணிக்கு 6 முறை சுத்தமாக, சிஏடிஆர் (இயந்திரம் தரும் சுத்தமான காற்றின் அளவு) மணிக்கு 170 கனமீட்டராவது வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருப்பது அதிவேகத்துக்கான கணக்கு. இரவில் சத்தத்துக்குப் பயந்து வேகத்தைக் குறைத்தால் அந்த அளவு கிடைக்காது. அதனால் 300க்கு மேல் உள்ளதை வாங்கி நடுவேகத்தில் ஓட்டுவதே நல்லது. ஹெப்பா வடிகட்டியைக் கழுவாதீர்கள். நனைந்தால் இழைகள் கெட்டுவிடும். நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இயந்திரம் ஓடட்டும்: மணிக்கு 6 முறை என்ற கணக்கில் காற்றில் மிதக்கும் கிருமிகளில் 99 விழுக்காடு நீங்க 46 நிமிடம் ஆகும்.

கழிவறைத் தரையின் வடிகால் துளையையும் பாருங்கள். 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில், தண்ணீர் வற்றிய வடிகால் வளைவு (நீர் தேங்கி நின்று குழாய்க் காற்றைத் தடுக்கும் பகுதி) வழியே கழிவுக் குழாய்க் காற்றைக் கழிவறை விசிறி உள்ளே இழுத்ததும் சார்ஸ் பரவ ஒரு காரணமானது. புழங்காத கழிவறைத் துளையில் வாரந்தோறும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள்.