நாளையும் பயன்பட வேண்டிய கட்டடம்: எங்கே தவறுகிறோம்?

ஒரு கட்டடத்தின் தூணும் தளமும் நூறாண்டு நிற்கலாம். உள்ளே ஓடும் தண்ணீர்க் குழாய்க்கும் மின்வயருக்கும் அத்தனை ஆயுள் கிடையாது. உள்தடுப்புகள் அதற்கும் முன்பே மாறும். ஆயுள் வேறுபடும் இவற்றைப் பிரிக்க முடியாதபடி ஒட்டிக் கட்டுவதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். குழாயைத் தளக் கான்கிரீட்டுக்குள் புதைத்துவிட்டால், அது கசியும் நாளில் நல்ல தளத்தையும் உடைக்க வேண்டியிருக்கும். திறந்து பார்க்கக்கூடிய தனி வழியில் குழாய்களை இறக்குங்கள். கொஞ்சம் இடம் போகும், போகட்டும்.

பொருளைத் தேர்ந்தெடுக்கக் காட்டும் அக்கறையை நாம் இணைப்பில் காட்டுவதில்லை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரைப் பிரித்தால் பெரும்பாலும் செங்கல் முழுசாக வரும். கடினமான சிமென்ட் சாந்தில் கட்டியதைப் பிரித்தாலோ சாந்து விடாது, செங்கல்தான் உடையும். போல்ட் போட்ட இரும்பு உத்தரம் கழற்ற வரும். வெல்டிங் வைத்ததை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பிரித்துக் கட்டுவது புதிய கனவும் அல்ல. 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் இரும்பும் கண்ணாடியுமாக எழுந்த கண்காட்சி மண்டபம் கிரிஸ்டல் பேலஸ், பிரிக்கப்பட்டு 1854-க்குள் தெற்கு லண்டனின் சிடனத்தில் இன்னும் பெரிதாக மறுபடி நின்றது. ஆம்ஸ்டர்டாமில் 2016-இல் பிரிப்பதற்கென்றே வடிவமைத்துக் கட்டிய தற்காலிக நீதிமன்றம், பிறகு என்ஸ்கெடே நகரில் அலுவலகமாக எழுந்தது.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எல்லாவற்றையும் பெரிதாக்குவது இன்னொரு தவறு. கூடுதல் சிமென்ட்டையும் கம்பியையும் தயாரிக்கையில் வெளியேறும் கரியமில வாயு இன்றே காற்றில் கலந்துவிடுகிறது. அதற்கு ஈடாகச் சொல்லப்படும் பயன் வரலாம், வராமலும் போகலாம். வரக்கூடிய இரண்டு மூன்று பயன்களை எழுதி, அவற்றை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். தளமே சரிவாக உள்ள வாகன நிறுத்தம் பின்னாளில் வீடாகாது. தளத்தைச் சமமாக வைத்து, சரிவுப் பாதையைக் கழற்றும்படி தனியே அமைத்தால், உயரமும் வெளிச்சமும் போதுமானால், ஆகும். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையிலான உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கட்டிய பிறகு அதைக் கூட்டுவது மிகக் கடினம்.

மதிப்பீட்டிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. கட்டடத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்கிடும் ஐரோப்பாவின் ஈஎன் 15978 தரநிலையில், மறுபயன்பாட்டால் பின்னாளில் கிடைக்கும் நன்மை ‘டி’ பிரிவில் தனியே காட்டப்படுகிறது. அதை இன்றைய உமிழ்விலிருந்து கழித்துக் காட்டுவது, இன்னும் வராத வருமானத்தை இன்றைய செலவிலிருந்து கழிப்பது போன்றது. கான்கிரீட்டை நொறுக்கிச் சாலைக்கு அடியில் கொட்டுவதையும், உத்தரத்தை உத்தரமாகவே மறுபடி பொருத்துவதையும் ஒரே தட்டில் வைத்து மதிப்பெண் தருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிரித்தெடுக்கவும் மாற்றியமைக்கவும் ஏற்ற வடிவமைப்புக்கு 2020-இல் வந்த ஐஎஸ்ஓ 20887 என்ற சர்வதேசத் தரநிலை வழிகாட்டுகிறது. ஆனால் எந்த உத்தரம் எந்தத் தர எஃகு, எந்த போல்ட் எங்கே மறைந்திருக்கிறது என்ற குறிப்பு தொலைந்துபோனால், அத்தனை கவனமாகப் போட்ட போல்ட்டையும் அறுத்துத்தான் எடுப்பார்கள். கட்டி முடித்த நிலையின் வரைபடத்தைக் கட்டடத்தோடு கைமாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் அதில் ஏற்றுங்கள்.